ஆசிலோஸ்கோப் வாங்கப் போறீங்களா? பெட்டியில இருக்குற மெகாஹெர்ட்ஸை மட்டும் நம்பாதீங்க!

ஈ.எஸ்.பி.32 போர்டு வெச்சு ஒரு புராஜெக்ட் பண்றீங்க. கோடிங் சரி, வயரிங் சரி. ஆனா வைஃபை கனெக்ட் ஆகுற நேரம் பார்த்து போர்டு ரீசெட் ஆகிடுது. மல்டிமீட்டரை எடுத்து அளந்தா 3.3 வோல்ட், ஆடாம அசையாம நிக்குது. அப்புறம் என்னதான் பிரச்னை?

மல்டிமீட்டர் பொய் சொல்லலை. அதால அவ்வளவுதான் பார்க்க முடியும். விநாடிக்கு இரண்டு, மூன்று முறைதான் அது எண்ணை மாத்திக் காட்டும். வைஃபை சிக்னல் அனுப்புற அந்தக் கணத்துல போர்டு சில நூறு மில்லி ஆம்பியர் கரன்ட்டை இழுக்கும். ரெகுலேட்டர் சுமாரான ரகமா இருந்தா 3.3 வோல்ட் சட்டுனு 2.5-க்கு இறங்கி, ஒரு மில்லி விநாடிக்குள்ள திரும்ப ஏறிடும். மீட்டர் கண் சிமிட்டுறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருக்கும். இந்த மாதிரி கணநேர விஷயத்தைக் கோடு போட்டுக் காட்டுறதுதான் ஆசிலோஸ்கோப்பின் வேலை. நேரம் போகப் போக வோல்டேஜ் எப்படி ஏறி இறங்குதுன்னு வரைஞ்சு காட்டும் கிராஃப் மெஷின்.

டிப்ளமோ, பி.இ. படிச்சவங்களுக்கு இது 'சி.ஆர்.ஓ.'ங்கிற பேர்ல பழக்கம். பச்சைத் திரை, லேப் எக்ஸாம், பக்கத்துல எக்ஸ்டர்னல், எவ்வளவு திருகினாலும் நிக்காம ஓடுற அலை... ஞாபகம் வந்திருக்குமே! அந்தக் குழாய்த் திரை 1897-ல ஜெர்மனியின் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் உருவாக்கினதோட வாரிசு. இப்போ விற்கிறதெல்லாம் டிஜிட்டல். சிக்னலைச் சாம்பிள் எடுத்து மெமரியில வெச்சுக்கும். அதனால ஒரே ஒரு தடவை நடந்து முடிஞ்ச விஷயத்தையும் நிறுத்திவெச்சுப் பார்க்கலாம். மேலே சொன்ன ரீசெட் பிரச்னைக்கு இதுதான் வேணும். செகண்ட் ஹேண்ட்ல பழைய சி.ஆர்.ஓ. மலிவாக் கிடைக்குதுன்னு யாராவது ஆசை காட்டினா, இந்த ஒரு காரணத்துக்காகவே யோசிங்க. பழைய அனலாக் மாடல்களுக்கு மெமரி கிடையாது.

முதல் கேள்வி: நீங்க எதைப் பார்க்கப் போறீங்க?

கடையிலயும் ஆன்லைன்லயும் பெரிய எழுத்துல போட்டிருக்கிறது மெகாஹெர்ட்ஸ். அதாவது பேண்ட்விட்த். இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. '100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்'னா 100 மெகாஹெர்ட்ஸ் வரை துல்லியமாக் காட்டும்னு அர்த்தம் இல்லை. அந்த எல்லையில 1 வோல்ட் சிக்னல் 0.7 வோல்ட்டாத்தான் தெரியும். சதுர அலையை ஓரளவு சதுரமாப் பார்க்கணும்னா சிக்னலைப் போல 5 மடங்கு பேண்ட்விட்த் இருக்கணும்ங்கிறது பழைய கைக்கணக்கு.

இப்போ உங்க மேஜையில இருக்குற சிக்னல்களைக் கணக்கு போடுங்க. ஆர்டுயினோ ஊனோவின் பி.டபிள்யூ.எம். பெரும்பாலான பின்கள்ல 490 ஹெர்ட்ஸ். ஐ2சி சென்சார் 100 அல்லது 400 கிலோஹெர்ட்ஸ். சீரியல் 115200-ல ஓடினா ஒரு பிட் சுமார் 8.7 மைக்ரோ விநாடி. ஊனோவில் எஸ்.பி.ஐ. அதிகபட்சம் 8 மெகாஹெர்ட்ஸ். அதுக்கு 5 மடங்குன்னா 40. ஆக, 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப் இருந்தா தொடக்கக்காரங்க வேலை கிட்டத்தட்ட எல்லாமே முடிஞ்சுடும். ஈ.எஸ்.பி.32-ல வேகமான டிஸ்பிளே ஓட்டுறவங்களுக்கு 100 இருந்தா நல்லது. வைஃபை சிக்னலையே பார்க்கலாமேன்னு ஆசைப்பட்டா மறந்துடுங்க. அது 2.4 கிகாஹெர்ட்ஸ். இந்தப் பட்ஜெட்ல நடக்காது.

சிக்னல் இன்னதுன்னு தெரிஞ்சபிறகு பார்க்க வேண்டியது, பெட்டியில சின்ன எழுத்துல இருக்குற இரண்டு எண்கள். ஒண்ணு, சாம்பிள் ரேட். பேண்ட்விட்த்தைப் போல நாலஞ்சு மடங்காவது வேணும். 100 மெகாஹெர்ட்ஸுக்கு விநாடிக்கு 50 கோடி சாம்பிள். இதுல இன்னொரு விஷயம், விளம்பரத்துல போடுறது ஒரே ஒரு சேனல் ஓடும்போது கிடைக்கிற எண். எல்லா சேனலையும் ஆன் பண்ணினா பங்கு பிரிஞ்சுடும். பல ஹாபிக்காரங்க வீட்ல இருக்குற ரைகோல் டி.எஸ்.1054இசட் மாடலையே எடுத்துக்கோங்க. ஒரு சேனலுக்கு விநாடிக்கு 100 கோடி. நாலு சேனலும் ஓடினா ஒவ்வொண்ணுக்கும் 25 கோடி. அது 50 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்ங்கிறதால அப்பவும் கணக்கு சரியா வருது. பிரபலமானதுக்கு அதுவும் ஒரு காரணம்.

இரண்டாவது, மெமரி டெப்த். இதை யாரும் கேட்கிறதே இல்லை. ஆனா நிஜத்துல கடுப்பேத்துறது இதுதான். உங்க வீட்டு டி.வி. ரிமோட்டை எடுத்துக்கோங்க. பல ரிமோட்கள்ல பட்டனை ஒருமுறை அழுத்தினா சுமார் 68 மில்லி விநாடிக்கு ஒரு செய்தி போகும். அதுக்குள்ள 38 கிலோஹெர்ட்ஸ்ல எல்.இ.டி. துடிச்சுக்கிட்டு இருக்கும். அதாவது 26 மைக்ரோ விநாடிக்கு ஒரு துடிப்பு. 1,024 புள்ளிதான் மெமரின்னா, முழுச் செய்தியையும் பிடிக்கும்போது 66 மைக்ரோ விநாடிக்கு ஒரு புள்ளிதான் விழும். துடிப்பு எங்கே தெரியும்? வெறும் அழுக்குக் கோடுதான். அதுவே 1.4 கோடி புள்ளி மெமரி இருக்குற சிக்லென்ட் எஸ்.டி.எஸ்.1104எக்ஸ்-இ மாதிரி ஒண்ணுல, முழுச் செய்தியையும் பிடிச்சுட்டு, பொறுமையா ஜூம் பண்ணி ஒவ்வொரு துடிப்பையும் எண்ணலாம்.

பர்ஸுக்கு ஏத்த மாதிரி

போன்ல ஆசிலோஸ்கோப் ஆப் இருக்கேன்னு சிலர் கேட்பாங்க. அது மைக்கைத்தான் கேட்குது. 20 கிலோஹெர்ட்ஸ் வரை சத்தத்தைக் காட்டும், அவ்வளவுதான். சர்க்யூட்டை நேரா போனோட ஜாக்ல சொருகிடாதீங்க, போன் காலி.

சில ஆயிரத்துக்குள்ளேன்னா டி.எஸ்.ஓ.138 கிட். 200 கிலோஹெர்ட்ஸ், ஒரே சேனல். நீங்களே சால்டர் பண்ணிச் செய்யலாம். கத்துக்க அருமை, ஆனா இதை வெச்சு எஸ்.பி.ஐ. பார்க்க முடியாது. இதே ரகத்துல பெரும்பாலான பேருக்குத் தெரியாத நம்ம ஊர்ச் சரக்கு ஒண்ணு இருக்கு. டெல்லியில இருக்குற இன்டர்-யுனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டர், பள்ளி, கல்லூரி லேப்களுக்காக உருவாக்கின 'எக்ஸ்பைஸ்-17'. பிளஸ் மைனஸ் 16 வோல்ட் வரை இரண்டு இன்புட், விநாடிக்கு 10 லட்சம் சாம்பிள். கூடவே சிக்னல் ஜெனரேட்டரும் உள்ளேயே இருக்கு. ஆடியோ, சென்சார், பிசிக்ஸ் எக்ஸ்பெரிமென்ட்னு போறவங்களுக்கு என் ஓட்டு இதுக்குத்தான்.

அடுத்து, கையடக்க டேப்லெட் ரகம். சில ஆயிரங்களுக்கு '100 மெகாஹெர்ட்ஸ், 100 கோடி சாம்பிள்'னு போட்டு வரும். பார்க்க போன் மாதிரி இருக்கும், ஆசையா இருக்கும். ஆனா இந்த ரகத்துலதான் எண்ணை ஊதிப் பெருக்கிப் போடுறது அதிகம். சோதிக்க ஒரு வழி சொல்றேன். 74ஏசி14 ஐ.சி. சில பத்து ரூபாய்தான். அதோட அவுட்புட் சில நானோ விநாடியில ஏறிடும். அந்த ஏற்றம் உங்க ஸ்கோப்ல எவ்வளவு நேரம் எடுக்குதுன்னு பாருங்க. 0.35-ஐ அந்த நேரத்தால வகுத்தா வர்றதுதான் உத்தேசமான பேண்ட்விட்த். நிஜமான 100 மெகாஹெர்ட்ஸ்னா 4 நானோ விநாடி பக்கம் காட்டணும். 12 காட்டினா, கையில இருக்குறது 30 மெகாஹெர்ட்ஸ்.

இருபதாயிரத்தை ஒட்டிச் செலவு பண்ண முடிஞ்சா, ஹேன்டெக் டி.எஸ்.ஓ.2சி10 மாதிரி இரண்டு சேனல் மேஜை ஸ்கோப் வந்துடும். 100 மெகாஹெர்ட்ஸ், 80 லட்சம் புள்ளி மெமரி. ஹாபிக்கு இதுதான் சரியான இடம்னு நினைக்கிறேன். நாற்பதாயிரத்தைத் தாண்டினா ரைகோல் டி.ஹெச்.ஓ.804. நாலு சேனல், 70 மெகாஹெர்ட்ஸ். மத்த மேஜை ஸ்கோப்கள்ல பலதும் 8 பிட், அதாவது 256 படி. இது 12 பிட், 4,096 படி. பவர் சப்ளையில இருக்குற பொடி அலைகள் எல்லாம் தெளிவாத் தெரியும். விலைகள் டாலரோட ஏறி இறங்கும். மேல 18 சதவிகித ஜி.எஸ்.டி. இருக்கு, அதையும் சேர்த்துக் கேளுங்க.

ஒருவேளை உங்க தேவை ஐ2சி, சீரியல் டேட்டாவைப் படிக்கிறது மட்டும்தான்னா ஸ்கோப்பே வேண்டாம். 8 சேனல் யு.எஸ்.பி. லாஜிக் அனலைசர் ஒண்ணு, கூட 'பல்ஸ்வியூ'ங்கிற இலவச சாஃப்ட்வேர். ஆயிரம் ரூபாய் பக்கத்துலயே வேலை முடிஞ்சுடும்.

இதைப் படிக்காம பிளக்கைச் சொருகாதீங்க

விலையைவிட முக்கியமான விஷயம் இது. யூடியூப் பார்த்து எல்.இ.டி. பல்பு போர்டு, ஃபேன் ரெகுலேட்டர், மொபைல் சார்ஜரைப் பிரிச்சு ரிப்பேர் பண்ற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஸ்கோப் கைக்கு வந்ததும் முதல்ல அதைத்தான் பார்க்கத் தோணும்.

மேஜை ஸ்கோப்போட புரோப்ல ஒரு முதலை கிளிப் தொங்கும், கிரவுண்ட் கிளிப். அது ஸ்கோப்போட மெட்டல் பாடி வழியா, மூணு பின் பிளக்கோட எர்த்துக்கு நேரடியாப் போகுது. கரன்ட்டைப் பொறுத்தவரை அந்த கிளிப், உங்க வீட்டு எர்த் கம்பிதான். அதைக் கொண்டுபோய் ஈ.பி. லைனோட நேரடித் தொடர்புல இருக்குற இடத்துல மாட்டினா ஷார்ட் சர்க்யூட். 'மைனஸ்லதானே மாட்டினேன்'னு சொல்லித் தப்பிக்க முடியாது. 230 வோல்ட்டை பிரிட்ஜ் ரெக்டிஃபையர் 325 வோல்ட் டி.சி.யா மாத்துற அந்த போர்டுல, மைனஸும் எர்த்தும் ஒண்ணு இல்லை. கிளிப் பட்ட அடுத்த அரை சைக்கிள்லயே டயோடு வெடிக்கும், புரோப் கருகும், ஸ்கோப்பும் போகலாம்.

இதுக்கு சிலர் சொல்ற குறுக்கு வழி, பிளக்ல எர்த் பின்னை உடைச்சுட்டா போதும்ங்கிறது. தயவுசெஞ்சு செய்யாதீங்க. அப்போ ஷார்ட் ஆகாது, உண்மைதான். அதுக்குப் பதிலா ஸ்கோப்போட மெட்டல் பாடி முழுக்க லைவ் ஆகி நிக்கும். அடுத்து அதைத் தொடுற கை உங்களோடதுதான். பேட்டரி ஸ்கோப்பும் இதே கதை, வெளியில தெரியிற அந்த கனெக்டர் உலோகம் கரன்ட் அடிக்கும். லேப்டாப்போட சேர்க்கிற யு.எஸ்.பி. ஸ்கோப்ல லேப்டாப்பே லைவ் ஆகும்.

பழகுற வரைக்கும் மெயின்ஸ் பக்கம் போகவே வேண்டாம். அடாப்டரோட 5 வோல்ட், 12 வோல்ட் அவுட்புட், பேட்டரி, ஆர்டுயினோ... இதெல்லாம் தாராளமாப் பார்க்கலாம். பின்னாடி மெயின்ஸ் அவசியமானா அதுக்குன்னே டிஃபரன்ஷியல் புரோப் இருக்கு. இரண்டு சேனலோட கிரவுண்ட் கிளிப்பும் உள்ளே ஒண்ணுதாங்கிறதையும் மறக்காதீங்க, வேற வேற இடத்துல மாட்டினா அங்கேயும் ஷார்ட்தான். இன்னொண்ணு, பழைய வீட்டு மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருக்கீங்கன்னா, சாக்கெட்ல மூணாவது ஓட்டைக்குள்ள எர்த் நிஜமாவே வருதான்னு ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துடுங்க.

ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு ஒரு நடை

ஆன்லைன்ல ஆர்டர் பண்றது சுலபம்தான். ஆனா சென்னையில இருந்துக்கிட்டு ரிச்சி ஸ்ட்ரீட்டை விட முடியுமா? மயிலாப்பூர்க்காரங்க திருமயிலை ஸ்டேஷன்ல, அடையாறுக்காரங்க கஸ்தூர்பா நகர்ல பறக்கும் ரயில் ஏறினா சிந்தாதிரிப்பேட்டையில இறங்கி நடக்கலாம். தி.நகர்ல இருந்து மவுன்ட் ரோடு பஸ்ஸே போதும். மெட்ரோல வந்தா அரசினர் தோட்டம் ஸ்டேஷன்.

கடையில பெட்டியைப் பிரிக்கச் சொல்லத் தயங்காதீங்க. "அண்ணா, ஒரு தடவை ஆன் பண்ணிக் காட்டுங்க"ன்னு கேளுங்க. ஸ்கோப் முகப்புல 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை வர்ற ஒரு சின்னக் கொக்கி இருக்கும். அதுல புரோப்பை மாட்டி, சுவிட்சை 10எக்ஸ்ல வையுங்க. மூலை வழிஞ்சோ, துருத்திக்கிட்டோ தெரிஞ்சா புரோப்ல இருக்குற குட்டி ஸ்க்ரூவைத் திருகினா சரியாகணும். ஆகலைன்னா வேற புரோப் கேளுங்க. 1எக்ஸ்ல வெச்சா சாதாரண புரோப் 6 மெகாஹெர்ட்ஸ் பக்கத்துலயே சுருண்டுடும், வாங்கின 100 மெகாஹெர்ட்ஸ் வீண். அதனால வீட்லயும் பழக்கத்துக்கு 10எக்ஸ்தான்.

அப்புறம் 'சிங்கிள்' பட்டனை அழுத்திட்டு, புரோப் முனையை அந்தக் கொக்கியில ஒரு தடவை தொட்டு எடுங்க. அந்தத் தொடல் திரையில உறைஞ்சு நிக்கணும். உங்க ஈ.எஸ்.பி.32 ரீசெட் ஆகுற கணத்தையும் இப்படித்தான் பிடிக்கப் போறீங்க. எல்லா சேனலையும் ஆன் பண்ணி சாம்பிள் ரேட் எவ்வளவு இறங்குதுன்னும் பார்த்துக்கோங்க. பில்லுல சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க, வாரன்ட்டி யார் தர்றாங்க, கடையா கம்பெனியான்னு அங்கேயே கேட்டுடுங்க.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பிடாதீங்க, முக்கால்வாசி ஷட்டர் இறங்கியிருக்கும்.