ரத்தக்குழாய்க்கும் பயிற்சி வேண்டும்

இதய நோயாளியை நடக்கச் சொல்வது எடையும் சர்க்கரையும் குறைவதற்காகத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த நன்மைகள் உண்மைதான். ஆனால் பயிற்சி நேராகப் போய் வேலை செய்யும் இடம் இன்னொன்று: ரத்தக்குழாயின் உட்புறத்தை ஒற்றை அடுக்காக மூடியிருக்கும் எண்டோதீலியம் என்ற செல்படலம். ரத்தம் வேகமாக உரசி ஓடும்போது இந்தச் செல்கள் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன. குழாயைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து, குழாய் விரிகிறது. 1980இல் ராபர்ட் ஃபர்ச்காட் முயலின் தமனித் துண்டுகளில் இதற்கான முதல் தடயத்தைக் கண்டார். படலம் இருந்த துண்டு அசிடைல்கோலின் என்ற வேதிப்பொருள் பட்டதும் தளர்ந்தது. படலத்தைத் தேய்த்து எடுத்த துண்டு தளரவில்லை. 1998 நோபல் பரிசில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

கொழுப்பு படிந்த இதயத் தமனியில் எல்லாம் தலைகீழ். அசிடைல்கோலின் செலுத்தினால் விரிய வேண்டிய குழாய் சுருங்குகிறது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் ஹாம்ப்ரெக்ட் குழுவினர் இத்தகைய 19 நோயாளிகளை ஆராய்ந்து 2000இல் முடிவை வெளியிட்டனர். பத்துப் பேர் நான்கு வாரம் தினமும் ஆறு தடவை, பத்துப் பத்து நிமிடம் பயிற்சி செய்தார்கள். அவர்களுடைய குழாய் சுருங்கும் அளவு 54 சதவீதம் குறைந்தது. 19 பேரை வைத்து என்ன சொல்லிவிட முடியும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதே குழு 2004இல், நிலையான நெஞ்சுவலி உள்ள 101 ஆண்களை ஓராண்டு கவனித்த முடிவை வெளியிட்டது. புதிய இதயச் சிக்கல் இல்லாமல் இருந்தவர்கள் பயிற்சிப் பிரிவில் 88 சதவீதம், ஸ்டென்ட் வைத்த பிரிவில் 70 சதவீதம். இதுவும் சிறிய ஆய்வே. பலன் முழுவதையும் எண்டோதீலியத்தின் கணக்கில் எழுதிவிடவும் முடியாது. ஆனாலும் காரணம் புரிகிறது: ஸ்டென்ட், அடைபட்ட ஓரிடத்தைத் திறக்கிறது, நோயோ குழாய் நெடுகப் பரவியிருக்கிறது. மாரடைப்பு வந்த நேரத்தில் ஸ்டென்ட்டே உயிர் காக்கும். அங்கே பயிற்சி மாற்றாகாது.

பழுதான இதயத்துக்கு உழைப்பு ஆபத்தல்லவா? நார்வேயில் 4,846 நோயாளிகளின் கண்காணிக்கப்பட்ட பயிற்சியில், மிதமான பயிற்சி நடந்த 1,29,456 மணி நேரத்தில் இதயம் நின்றது ஒரே ஒருமுறை. கடும் பயிற்சியில் 23,182 மணி நேரத்துக்கு ஒன்று. ஆகவே பயிற்சிக்கும் மருந்தைப் போல அளவு உண்டு. மருத்துவரின் சோதனைக்குப் பிறகே அதை முடிவு செய்ய வேண்டும். நிறுத்தினால் பலனும் தேய்ந்துவிடும் என்பதால், மாத்திரைச் சீட்டில் அதுவும் தினசரி வரியாக இடம்பெற வேண்டும்.