தேம்ஸ் நதியும் மூடுபனியும்

1890களின் நடுவில் பால் மார்ட்டின் இரவு லண்டனைப் படமெடுக்கத் தொடங்கியபோது கேமரா ஏறக்குறைய பகலுக்கான கருவி. தேம்ஸ் கரையின் எரிவாயு விளக்குகளைக் கண்ணாடித் தகட்டில் பதிக்க, முக்காலியில் கேமராவை நிறுத்தி, லென்ஸைப் பல நிமிடங்கள் திறந்தே வைக்க வேண்டும். நடுவில் குதிரை வண்டி விளக்கோடு வந்தால் லென்ஸை மூடிவிட்டு, அது கடந்தபின் திறப்பார். நடந்து போனவர்கள் படத்தில் பதியவே மாட்டார்கள். விளக்கொளி தகட்டின் பின்பக்கத்தில் பட்டுத் திரும்பிச் சுடரைச் சுற்றி வளையமிடும் தொல்லை வேறு. அந்த இரவுப் படங்களுக்கு ராயல் போட்டோகிராபிக் சொசைட்டி 1896இல் பதக்கம் அளித்தது.

இன்று ஐ.எஸ்.ஓ.வை 6400க்கு ஏற்றினால் கையில் பிடித்தபடியே எடுத்துவிடலாம். பாலத்தில் நடப்பவரும் பதிவார். படம் சரியில்லையென்றால் திரையில் உடனே தெரியும். மறுபடி எடுக்கக் காசு செலவில்லை.

ஆனால் கருவி வந்துசேர்ந்தபோது மார்ட்டின் காலத்து லண்டன் மூடுபனி போய்விட்டது. நிலக்கரிப் புகை கலந்து மஞ்சளாகத் திரண்ட பனி அது. 1899 முதல் 1901 வரை மூன்று முறை வந்து சவாய் ஹோட்டலிலிருந்து தேம்ஸைத் தீட்டிய மோனேவின் ஓவியங்களில் இருப்பதில் பாதி அடுப்புப் புகைதான் என்பேன். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை நகரை மூடிய புகைப்பனியில் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாக அன்று கணக்கிட்டார்கள். பின்னாளைய மதிப்பீடு ஒன்று 12,000 என்கிறது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அந்தப் பழைய பனி திரும்ப வேண்டுமென்று எந்தப் படக்காரரும் கேட்க முடியாது. கேட்டால் அது நியாயமுமில்லை.

இப்போது வருவது வெள்ளைப் பனி. காற்று அடங்கிய தெளிந்த குளிர்கால இரவில், எப்போதாவது ஆற்றின்மேல் இறங்கும்; தனக்கென்று நிறமில்லாததால் விளக்கின் நிறத்தையே வாங்கிக்கொள்ளும். 2019க்கும் 2021க்கும் இடையில் லியோ வில்லாரியல் வடிவமைத்த எல்.இ.டி. ஒளி ஒன்பது பாலங்களில் பொருத்தப்பட்டது. அந்த ஒளியில் பனி வாங்கிக்கொள்ளும் மெல்லிய நிறமாற்றத்தைப் பதிக்க மார்ட்டினின் தகட்டுக்கு வழியே இல்லை.

ஒரு சங்கடம் மட்டும் நீடிக்கிறது. அடர்ந்த பனியில் தானியங்கி ஃபோகஸ் பிடிமானம் கிடைக்காமல் முன்னும் பின்னும் அலையும். அதை அணைத்துவிட்டு, எதிர்க்கரை விளக்கொன்றைக் குறிவைத்து, லென்ஸைக் கையால்தான் திருப்பவேண்டியிருக்கிறது.