கொற்கைக் கடலும் நுண்ணோடுகள் கூறும் சான்றும்

கொற்கை என்றவுடன் முத்தும் கடல்துறையும் நம் நினைவுக்கு வருவன. அகநானூறும் மதுரைக்காஞ்சியும் அதன் முத்தைப் போற்றுகின்றன. கிரேக்க நூல்கள் அவ்வூரைக் 'கொல்கோய்' எனக் குறிக்கின்றன. ஆயின், இன்று அங்குச் செல்வோர் காண்பது கடலன்று. வயலும் வாழையும் குளமும் தொன்மையான வன்னி மரமுமே. கடலோ ஏறத்தாழ ஆறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. எம் மாணவரை அங்கு அழைத்துச் சென்றபோதெல்லாம், "ஐயா, இங்கே கப்பல் எப்படி வந்தது?" என்று அவர்கள் கேட்கத் தவறியதில்லை. இவ்வினாவிற்கு இலக்கியம் மட்டும் விடை தந்துவிட இயலாது. மண்ணும் சான்று கூறவேண்டும்.

ஆறு தூர்த்த துறை

1877இல் கொற்கையிலும் காயலிலும் அகழ்ந்து ஆராய்ந்தவர் கால்டுவெல். தாமிரபரணி கொணர்ந்த வண்டல் படிந்து கடல் விலகியது என்றும், கொற்கையின் இடத்தைக் காயல் பெற்றது என்றும், பின்னர் அதுவும் தூர்ந்தது என்றும் அவர் விளக்கினார். மார்க்கோ போலோ புகழ்ந்த 'காயில்' பழையகாயலா, காயல்பட்டினமா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுவர். எனினும் 'காயல்' என்னும் சொல்லே உப்பங்கழியைக் குறிப்பதன்றோ! ஊர்ப்பெயரும் இங்கு ஒரு சான்றாகிறது.

1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் அகழ்ந்தெடுத்த மாதிரி ஒன்றின் காலம், கரிமக் கணிப்பின்படி கி.மு. 785 அளவினது. மனிதர் வாழ்ந்த காலத்தை அது காட்டும். அன்று கடல் எங்கு நின்றது என்பதைக் காட்ட வேறு சான்று வேண்டும்.

நுண்ணோடுகள்

கடலில் 'ஃபோரமினிஃபெரா' என்னும் ஓரணு உயிர்கள் வாழ்கின்றன. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியவை. அவற்றுள் பல, சுண்ணத்தால் அறையறையாக ஓடு கட்டிக்கொள்பவை. உயிர் நீங்கியபின் ஓடு சேற்றில் புதைந்து நெடுங்காலம் அழியாது நிற்கும். எகிப்தியப் பிரமிடுகளின் அருகே கிடந்த பருப்பு போன்ற கற்களை, கட்டியவர் உண்டு மிஞ்சிய உணவு கல்லானது என மக்கள் நம்பியதாக ஸ்ட்ராபோ எழுதினார். அவை இவ்வினத்தின் பெரிய உறவினரான நும்முலைட்டுகளின் ஓடுகளே.

ஆய்வாளர் நிலத்தில் துளையிட்டு மண்ணை அடுக்குக் குலையாமல் எடுப்பர். அடுக்குத்தோறும் சல்லடையில் கழுவி, உருப்பெருக்கியின்கீழ் ஓடுகளை இனம் பிரித்து எண்ணுவர். மிதந்து வாழும் இனங்கள் மிகுந்திருப்பின் அது திறந்த கடல். உப்பு ஏறியிறங்குவதைத் தாங்கும் 'அம்மோனியா' போன்றவை மிகுந்திருப்பின் கழிமுகம். இவை அற்று நன்னீர் உயிர்களின் ஓடுகளே இருப்பின் ஆறு அல்லது குளம். கீழிருந்து மேலாக இம்மூன்றும் இவ்வரிசையில் அமையுமாயின், கடல் விலகிய வரலாறு அங்கு எழுதப்பட்டுள்ளது எனலாம்.

ஓட்டிலுள்ள ஆக்சிஜனும் பேசும். பனியூழியில் இலேசான ஆக்சிஜன் பனிக்கட்டியில் சிறைப்பட, கடல்நீரிலும் ஓட்டிலும் கனத்த ஆக்சிஜனின் விகிதம் கூடும். 1955இல் எமிலியானி இம்முறையால் பண்டைக் கடலின் வெப்பநிலையைக் கணிக்க முற்பட்டார். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதினும் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது; ஈழமும் தமிழகமும் அன்று நிலத்தால் இணைந்திருந்தன. கொற்கை சிறந்திருந்த காலந்தொட்டு இன்றுவரை அத்தகைய பெருமாற்றம் நிகழவில்லை. ஆதலின் கொற்கைக் கரை விலகியதற்கு ஆற்று வண்டலே முதற்காரணம் எனக் கொள்வது பொருந்தும்.

ஓர் எச்சரிக்கை

ஓர் ஓடு கிடைத்தது கொண்டே 'இங்குக் கடல் இருந்தது' என்று துணிதல் கூடாது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நம் கரையில் கடலடி ஓடுகளை நிலத்தின்மேல் கொணர்ந்து சேர்த்தது. ஆகவே ஓடுகளின் தொகுதியையும் அடுக்கின் வரிசையையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

இவ்வரிசைதான் நாம் காக்கவேண்டிய செல்வம். கிழிந்த ஏட்டிற்கு வேறு படி கிடைத்தல் கூடும். குலைந்த மண்ணடுக்கிற்கு வேறு படி இல்லை. அளவின்றி மண் அள்ளப்படும் இடத்தில், எவரும் படிக்குமுன்பே வரலாறு வண்டியேறிப் போய்விடுகிறது. கிணறு தோண்டும்போது கருஞ்சேறும் ஓடுகளும் தென்படின், ஆழத்தைக் குறித்துக்கொண்டு கல்லூரியிலோ தொல்லியல் துறையிலோ தெரிவித்தல் ஊர்ப்பெரியோர் செய்யத்தக்க உதவியாகும். தமிழ் பயிலும் மாணவரும் நிலவியல் பயிலும் மாணவரும் கூடிக் கொற்கைக்குச் செல்வார்களாயின், பாட்டும் மண்ணும் ஒன்றையொன்று தெளிவிக்கும். எம் மாணவரின் வினாவிற்கு முழுமையான விடையும் அன்று கிட்டும்.