வேன் பேட்டரி: அப்பளமா, அடையா?

தேனியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "என்னிடம் இருப்பது 2003ஆம் வருஷத்து டெம்போ டிராவலர். காலையில் செல்ஃப் எடுக்கத் திணறுகிறது. ஒரு கடையில் 80க்குப் பதில் 100 ஆம்ப்ஸ் போடுங்கள் என்கிறார்கள். இன்னொரு கடையில் இன்வெர்ட்டர் பேட்டரி போட்டால் ஐந்து வருஷத்துக்குக் கவலையில்லையாம். மகன் லித்தியம்தான் என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?"

யார் பேச்சையும் கேட்பதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுவிடுவோம். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இருபதில் ஒரு பங்காக நெரித்து, அந்தச் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். அந்த முரட்டு எஞ்சினைச் சுற்ற ஸ்டார்ட்டர் மோட்டார் 300 ஆம்பியர் வாங்குகிறது, மூன்று விநாடிக்கு, என்று வையுங்கள். 900ஐ 3600ஆல் வகுத்தால் கால் ஆம்பியர்-மணி. அதற்கு முன்னால் 20 விநாடி ஹீட்டர் போட்ட வகையில் இன்னொரு கால். ஆக 80 இருக்கிற தொட்டியிலிருந்து ஒரு காலைக்கு ஆகிற செலவு வெறும் அரை. கடைக்காரர் 'ஆம்ப்ஸ்' என்று சொல்வது இந்தத் தொட்டியின் கொள்ளளவைத்தான். உங்கள் வேன் கேட்பதோ மதகின் அகலம்.

அந்த மதகு எங்கே இருக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். பேட்டரிக்குள் இருக்கும் ஈயத் தகடு வழவழப்பான தகடு அல்ல. பஞ்சு மாதிரி, உள்ளே முழுக்க நுண்துளைகள். அமிலம் ஈயத்தைத் தொடுகிற இடத்தில் மட்டும்தான் மின்சாரம் பிறக்கும். செல்ஃப் அடித்த மாத்திரத்தில் துளைகளுக்குள் இருக்கும் அமிலம் செலவாகித் தண்ணீராக நீர்த்துப்போகிறது. வெளியே அமிலம் எவ்வளவு இருந்தாலும், அது இந்தச் சந்துகளுக்குள் ஊர்ந்து வந்தாக வேண்டும். அவசரத்துக்கு அது வராது. தடித்த தகடாக இருந்தால் மேல்தோல் மட்டும் வேலை செய்யும், நடுப்பகுதி சும்மா கிடக்கும்.

எண்ணெய்ச் சட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பளம் போட்ட உடனே பொரிகிறது; அதற்கு உள்பக்கம் என்று ஒன்றே கிடையாது. அடை அப்படியல்ல, மேலே சிவந்திருக்கும், பிட்டுப் பார்த்தால் நடுவில் மாவு. வண்டி பேட்டரி என்பது அப்பளக்கட்டு: மெல்லிய தகடுகள் நிறைய. இன்வெர்ட்டரின் ட்யூபுலர் பேட்டரி அடை: குழாய் குழாயாகத் தடித்த தகடுகள். நாலு மணி நேரம் ஃபேன் ஓட்டச் சொன்னால் நிதானமாக ஓட்டும். மூன்று விநாடிக்கு 300 ஆம்பியர் கேட்டால் முழிக்கும். இரண்டாவது கடைக்காரர் சொன்ன ஐந்து வருஷம் வீட்டுக்குள் இருக்கும்போதுதான்.

உவமையை இன்னும் கொஞ்சம் இழுக்கலாம். அப்பளம் சீக்கிரம் நொறுங்கும். கல்யாண வண்டியை மண்டபத்து வாசலில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு விடிய விடியப் பாட்டுப் போட்டால், மெல்லிய தகட்டில் பூசிய ஈயப் பசை உப்பி உதிரும். அப்படியே சார்ஜ் ஏற்றாமல் நாள்கணக்கில் விட்டால் ஈய சல்ஃபேட் பெரிய படிகங்களாக இறுகிவிடும். அதுதான் நமுத்துப்போன அப்பளம். ஒரு இடத்தில் மட்டும் உவமை கவிழ்கிறது. அப்பளத்துக்கு வெயில் நல்லது. பேட்டரிக்கு வெயில்தான் எமன். சூடு ஏற ஏறத் தகட்டின் சட்டத்தை அரிப்பு தின்னும், தண்ணீரும் வற்றும். அதனால்தான் குளிர்நாடுகளில் 1.28 வரை அடர்த்தி வைக்கும் அமிலத்தை, நம்மைப் போன்ற வெயில் ஊர்களில் 1.24 அளவுக்கு இளக்கி ஊற்றுகிறார்கள்.

கொடைக்கானலில் ஒரு மார்கழி விடியலில் இந்த நுண்துளை நாடகத்தை நேரில் பார்த்தேன். வேன் இரண்டு முறை முனகிவிட்டு 'டக்' என்று நின்றுவிட்டது. நாங்கள் தள்ள இறங்கினோம். "இருங்க சார், கொஞ்சம் மூச்சு வாங்கிக்கட்டும்" என்று டிரைவர் அண்ணன் ஒரு பீடியைப் பற்றவைத்தார். பீடி முடிந்ததும் சாவியைத் திருப்பினார், வண்டி பிடித்துக்கொண்டது. துளைகளுக்குள் அமிலம் திரும்ப ஊறுவதற்கு ஒரு பீடி நேரம் போதுமானதாக இருந்திருக்கிறது.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு: 1859இல் பிரான்ஸின் காஸ்டன் பிளான்டே ஈயத் தகடுகளைச் சுருட்டி அமிலத்தில் வைத்தார்; 1881இல் காமில் ஃபோர் பசை பூசினார்; 1912இல் காடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்தது. அதன்பின் அதிகம் மாறியது பெட்டியும் ஸ்டிக்கரும்தான். ஸ்டிக்கரில் யாரும் போடாத அதிசயம் ஒன்று உண்டு. ஈய அணுவின் கனமான கருவைச் சுற்றும் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தில் கணிசமான பங்கை எட்டுகின்றன. ஒரு செல் தரும் 2.1 வோல்ட்டில் 1.7 முதல் 1.8 வரை ஐன்ஸ்டீனின் சார்பியல் விளைவால் வருகிறது என்று 2011இல் கணக்கிட்டுச் சொன்னார்கள். பேட்டரி வாங்க இது உதவாது.

உதவக்கூடிய எண் சிசிஏ (கோல்ட் கிராங்கிங் ஆம்ப்ஸ்). மைனஸ் 18 டிகிரியில் 30 விநாடி, 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் தருகிறது என்ற சோதனை அது. தேனியில் அந்தக் குளிர் எந்த ஜென்மத்திலும் வராது. ஆனாலும் இரண்டு பேட்டரிகளின் மதகை ஒப்பிட வேறு அளவுகோல் ஸ்டிக்கரில் இல்லை. ஆகவே வண்டி பேட்டரியிலேயே 100 என்றால் தப்பில்லை, தகடு கூடுதல், மதகும் அகலம். தட்டில் ஆடாமல் உட்கார வேண்டும், அவ்வளவுதான். தயாரித்த தேதியைப் பாருங்கள். கடையிலேயே மீட்டர் வைத்து 12.4க்குக் கீழே காட்டினால் அது அங்கேயே நமுத்துக்கொண்டிருக்கிறது.

'மெயின்டனன்ஸ் ஃப்ரீ' என்ற வார்த்தைக்கு மயங்குவதற்கு முன், எஞ்சின் ஓடும்போது சார்ஜிங் எவ்வளவு என்று பாருங்கள். அந்த வகையில் இருக்கும் கால்சியம் கலந்த தகடுகள் 14.4 வோல்ட்டுக்கு மேல் எதிர்பார்ப்பவை. பழைய வண்டியின் ரெகுலேட்டர் 13.8இல் நின்றுவிட்டால் அவை அரைவயிற்றோடுதான் இருக்கும். மூடி திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிற பேட்டரியே அந்த வண்டிக்குச் சரி. லித்தியமோ ஆல்டர்னேட்டரிடமிருந்து கிடைப்பதையெல்லாம் ஒரே மூச்சில் உறிஞ்சும். இருபது வருஷத்து ஆல்டர்னேட்டர் அதனால் ஏறும் சூட்டைத் தாங்குமா என்று மகனிடம் கேளுங்கள்.

ஆனால் பணத்தை எடுக்கும் முன் ஒரு வேலை. 300 ஆம்பியர் ஓடும் வழியில் 0.01 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் காணாமல் போய்விடும். யாரையாவது செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் குமிழிலும் மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வையுங்கள். பிறகு நெகட்டிவ் குமிழிலிருந்து எஞ்சின் இரும்புக்கு வைத்துப் பாருங்கள். முதலாவதில் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். இரண்டாவதில் அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஒரு வோல்ட் காட்டினால் பேட்டரி மேல் பழி போடாதீர்கள். இணைப்புகளில் படிந்திருக்கும் பச்சைப் பூப்பின் மேல் வெந்நீர் ஊற்றிக் கழுவி, உப்புத்தாளில் தேய்த்து, எர்த் கம்பியை இறுக்கிவிட்டு மறுநாள் காலையில் சாவியைத் திருப்பிப் பாருங்கள்.