எஞ்சிய பாலாடையை நெய்யாக்குதல்

சப்பிரகமுவத் தோட்டங்களில் ஒன்றிரண்டு பசு வளர்க்கும் குடும்பங்களுக்கு நாள்தோறும் சிறிதளவு பாலாடையே கிடைக்கும். வெறுமனே எடுத்து வைப்பின் இரண்டொரு நாளில் அது கசந்து, பூஞ்சணம் பிடிக்கும். ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரியின் வெப்பமும் ஈரமும் இக்கேட்டை விரைவுபடுத்துகின்றன. ஆடையிலுள்ள நீரிலேயே கிருமிகள் பெருகுகின்றன. அந்நீரை நீக்கி நெய்யாக்கின் பல வாரம் கெடாது.

சேர்த்தல்: மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில் முதல்நாள் ஆடையுடன் ஒரு தேக்கரண்டி புதிய தயிரைக் கலக்குக. அதன் புளிப்பு கெடுக்கும் கிருமிகளைத் தடுக்கும். மறுநாள் ஆடையை ஆறிய பின்னரே சேர்க்குக. மூன்று நாளுக்கு மேற் சேர்த்தலாகாது. பூஞ்சணம் கண்டால் முழுவதையும் அகற்றுக.

கடைதல்: விடியற்காலையில், கொதித்தாறிய குளிர்ந்த நீர் சேர்த்து மத்தினாற் கடைக. வெண்ணெய் திரண்டதும் மோரை வடித்து, அத்தகைய நீரில் இருமுறை கழுவுக. மோர் தங்கிய வெண்ணெய் விரைவிற் கெடும்.

உருக்குதல்: அடி தடித்த பாத்திரத்தில், இளந்தீயில் உருக்குக. சடசடக்கும் ஒலி நீர் ஆவியாவதைக் காட்டும். ஒலி அடங்கி, அடிக்கசண்டு பொன்னிறமானவுடன் இறக்குக, தாமதித்தாற் கருகும். சிறிது ஆறியபின் வடித்து, ஈரமற்ற போத்தலில் அடைத்தல் வேண்டும். ஈரக் கரண்டி இடலாகாது.

பயன்: மோரில் புரதமும் கல்சியமும் உண்டு, அன்றே அருந்துக. கசண்டைச் சோற்றிற் பிசைந்து உண்ணலாம். கீரை, கரட், பூசணி ஆகியவற்றிலுள்ள கரோட்டீன், உடலிற் கண்பார்வைக்கு வேண்டிய விற்றமின் ‘ஏ’ ஆகின்றது. அதனை உடல் ஏற்பதற்குக் கொழுப்பு அவசியம். ஆகையால், தோட்டத்து மரக்கறியுடன் ஒரு தேக்கரண்டி நெய் சேர்த்துச் சிறுவர்க்குக் கொடுத்தல் நன்று.