திட்டம் முடிந்தாலும் கடன் முடியவில்லை: மலைக்கு வந்த ஜப்பான் பணம்

பச்சைமலையில் பெய்யும் மழை நின்று நிதானமாக மண்ணுக்குள் இறங்கினால்தான் துறையூர், உப்பிலியபுரம் வட்டாரக் கிணறுகளில் ஊற்று எடுக்கும். அதே மழை வெறும் சரிவில் ஓடி இறங்கினால் மேல் மண்ணை அள்ளிக்கொண்டு வந்து ஓடையிலும் ஏரியிலும் கொட்டிவிடும். மலையில் மரம் நடுவதும் தடுப்பணை கட்டுவதும் வனத்துறையின் சொந்த விஷயம் என்று அடிவார விவசாயி ஒதுங்கிவிட முடியாது.

தமிழகத்தில் இந்த வேலைகளுக்குச் செலவான பணத்தில் பெரும் பகுதி ஜப்பானிலிருந்து வந்தது. அந்தப் பணம் எப்படி வருகிறது, யார் கையாளுகிறார்கள், திட்டம் முடிந்த பிறகு என்ன மிஞ்சுகிறது என்பதை மலையில் இருப்பவர்களும் அடிவாரத்தில் இருப்பவர்களும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நன்கொடை அல்ல, கடன்

'தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டம்' 1997-98இல் தொடங்கியது. முதல் கட்டம் 2004-05 வரையிலும், இரண்டாம் கட்டம் 2005-06 முதல் 2012-13 வரையிலும் நடந்தன. அடுத்து, 2011-12இல் 'பல்லுயிர் பாதுகாப்பு மற்றும் பசுமையாக்கும் திட்டம்' 686 கோடி ரூபாய் மதிப்பில் வந்தது. விவசாயிகளின் பட்டா நிலங்களில் மரம் வளர்ப்பதும் இதில் சேர்க்கப்பட்டது. மூன்றுக்கும் நிதி கொடுத்தது ஜப்பான் அரசின் கடன் உதவி அமைப்பு. அந்த அமைப்பின் பெயர் இடையில் இருமுறை மாறி, 2008 முதல் 'ஜைக்கா' என்று வழங்குகிறது.

'ஜப்பான் உதவி' என்று பேச்சு வழக்கில் சொன்னாலும் இது இலவசமாக வந்த பணம் அல்ல. வட்டி குறைவு, திருப்பிச் செலுத்தத் தொடங்க 10 ஆண்டு அவகாசம், நீண்ட காலத் தவணை. ஆனாலும் கடன் கடன்தான். அதுவும் யென் கணக்கில் வாங்கிய கடன். யென்னுக்கு எதிராக ரூபாய் இறங்கினால் திருப்பிக் கட்டும் தொகை ஏறும். 12ஆவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி, 2005 முதல் வெளிநாட்டுக் கடனை அதே நிபந்தனைகளுடன் மாநிலங்களின் கணக்கில் மத்திய அரசு ஏற்றுகிறது. ஆகவே நாணய மதிப்பு மாறுவதால் வரும் சுமையும் மாநிலத்தின் தலையில்தான்.

பணம் வரும் பாதை

கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது மத்திய அரசு. வனத்துறை நேரடியாக டோக்கியோவிலிருந்து பணம் வாங்க முடியாது. மாநில அரசு தன் பட்ஜெட்டில் தொகையை ஒதுக்குகிறது. வனத்துறையில் இதற்கென அமைத்த திட்டப் பிரிவு, மாவட்ட வன அலுவலர்கள் மூலம் வேலையை நடத்துகிறது. செலவுக் கணக்கு மத்திய நிதி அமைச்சகம் வழியாகக் கடன் கொடுத்தவருக்குப் போகிறது. ஒப்புக்கொள்ளப்பட்ட செலவுக்கு உரிய பணம் அதே வழியில் திரும்பி வருகிறது.

கணக்குக் காட்டினால்தான் பணம் என்பதால் பதிவேடும் தணிக்கையும் ஒழுங்காக இருக்கும். இது இந்த முறையின் நல்ல பக்கம். ஆனால் நட்ட கன்றுகளை எண்ணுவது எளிது. ஐந்தாம் ஆண்டில் எத்தனை உயிரோடு நிற்கின்றன என்று எண்ணுவது கடினம். கட்டிய தடுப்பணைக்குக் கணக்கு உண்டு. திட்டக் காலம் முடிந்த பிறகு அதில் தூர் வாரும் செலவை அந்தக் கடனில் கேட்க முடியாது.

கிராமத்தின் பங்கு

காடு வளர்ப்புத் திட்டத்தின் சிறப்பே கிராம வனக்குழுதான். காட்டை ஒட்டிய ஊர்களில் மக்களே உறுப்பினர்களாகச் சேர்ந்து, வனத்துறையுடன் இணைந்து காட்டைக் காக்கும் ஏற்பாடு இது. தமிழக அரசு 1997இல் இதற்கு ஆணை பிறப்பித்தது. எங்கே நடுவது, எங்கே தடுப்பணை, எங்கே கசிவுநீர்க் குட்டை என்று ஊருக்கு ஊர் நுண் திட்டம் போடப்பட்டது. ஆடு மேய்ப்பு, விறகு வெட்டு ஆகியவற்றை மட்டும் நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் செய்யச் சுழல்நிதிக் கடனும் குழு வழியாகத் தரப்பட்டது.

பணமும் அலுவலரும் ஊருக்கு வந்துகொண்டிருக்கும் வரை குழு கூடும். திட்டம் முடிந்ததும் கூட்டம் குறையும், பதிவேடு ஒருவர் வீட்டுப் பரணுக்குப் போகும், வங்கிக் கணக்கு உறங்கிவிடும். அதன் விளைவு நிலத்தில் தெரியும். சின்னத் தடுப்பணை சில மழைக்காலங்களிலேயே மண்ணால் நிரம்பிவிடும். நிரம்பிய அணை தண்ணீரை நிறுத்தாது. மேலே வழிய விட்டுவிடும். கட்டிய கடனோ இன்னும் பல ஆண்டுகளுக்கு நம் மாநிலத்தின் கணக்கில் இருக்கும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

* உங்கள் ஊரில் கிராம வனக்குழு இருந்ததா என்று முதலில் விசாரியுங்கள். இருந்திருந்தால் நுண் திட்டம், சொத்துப் பதிவேடு, சுழல்நிதி இருப்பு ஆகிய மூன்றையும் வனச்சரக அலுவலகத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும்.

* மே 1, ஆகஸ்ட் 15 கிராம சபைகளில் தடுப்பணைகளின் நிலையைப் பேசுங்கள். காப்புக்காட்டுக்குள் இருக்கும் அணையில் நாமாகக் கை வைக்கக் கூடாது. தீர்மானம் போட்டு, வனத்துறை அனுமதியுடன் பருவமழைக்கு முன்பே தூர் வாரச் சொல்லுங்கள்.

* மலைச் சரிவில் மரவள்ளி போடுபவர்கள், அணை தூர்வதில் நம் பங்கும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். கிழங்கைப் பிடுங்கும்போது மண் புரண்டு தளர்கிறது. அடுத்த மழை அதை ஓடைக்கு இழுத்துப் போகிறது. பார்களைச் சரிவுக்குக் குறுக்கே அமையுங்கள். இடையிடையே கல் வரப்பு அல்லது வெட்டிவேர் வரிசை வையுங்கள். மரவள்ளி இலை மூடுவதற்குள் தட்டைப்பயறு, உளுந்து போன்ற குறுகிய காலப் பயறு ஒன்றை ஊடுபயிராக எடுத்துவிடலாம். மண்ணும் மூடியிருக்கும், கையில் காசும் வரும்.

* பட்டா நிலத்தில் திட்டக் கன்று வாங்கி நட்டிருந்தால் சர்வே எண், மர வகை, நட்ட ஆண்டு, எண்ணிக்கை ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கலில் பதியச் சொல்லுங்கள். வெட்டும் காலத்தில் மரம் உங்களுடையது என்பதற்கு அது சான்றாக உதவும்.

* இனி எந்தத் துறை வெளிநாட்டு நிதித் திட்டத்துடன் ஊருக்கு வந்தாலும் முதல் கூட்டத்திலேயே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "திட்டம் முடிந்த பிறகு பராமரிப்புக்கு எந்தக் கணக்கில் பணம்?" பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள்.

திட்ட அலுவலகம் ஒரு நாள் மூடப்படும், அலுவலர்கள் மாறிப் போவார்கள். மலையும் ஓடையும் கிணறும் உங்களோடுதான் இருக்கும். அந்தக் கணக்குப் புத்தகமும் ஊரிலேயே இருக்கட்டும்.