மண் கணக்கு – 17: கட்டுக் கட்டாய்ப் போன சாம்பல்

இலையைப் பறித்து என் உள்ளங்கையில் வைத்தார் அந்த அம்மா. "பூச்சிங்களா, நோவுங்களா? வேப்பெண்ணெய்கூட அடிச்சுப் பாத்துட்டனுங்க."

குதிரைமசால் இலை. மூன்று சிற்றிலைகளிலும் ஓரத்தையொட்டி வெள்ளைப் புள்ளிகள், யாரோ சுண்ணாம்பை உதறிவிட்டதுபோல. குனிந்து பார்த்தேன். கொழுந்தில் ஒன்றுமில்லை, எல்லாம் அடியிலைகளில்தான். இது சாம்பல்சத்துப் பசி. பற்றாக்குறை வந்தால் செடி கிழட்டு இலையிலிருந்து அந்தச் சத்தை உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிடும்.

பொள்ளாச்சிப் பக்கம் 10 சென்ட் செம்மண், விதைத்து மூன்றாவது வருஷம். பாத்திகளுக்குள் அருகு ஏறியிருந்தது. சாம்பல்சத்தை உறிஞ்சுவதில் புல்லின் சல்லிவேர் மசாலைவிடக் கெட்டி. சத்து குறையும் இடத்தில் முதலில் தோற்பது மசால்தான்.

என்ன உரம் போட்டீர்கள் என்று கேட்டேன். "மசாலுக்கு எதுக்குங்க உரம்? பயறு சாதிதானுங்களே, அதுவே உண்டாக்கிக்கும்னாங்க."

அதுவே உண்டாக்கிக்கொள்வது தழைச்சத்தை மட்டும்தான். அதற்கும் வேர்முடிச்சுக்குச் சர்க்கரை போய்ச் சேர வேண்டும். இலையிலிருந்து வேருக்குச் சர்க்கரையை நகர்த்துவதில் சாம்பல்சத்துக்குப் பெரிய பங்கு. அறுத்த பிறகு மசால் துளிர்ப்பதும் வேரில் சேர்த்துவைத்ததை வைத்துத்தான்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகப் பரிந்துரை, எக்டருக்குத் தழை 25, மணி 120, சாம்பல் 40 கிலோ, அடியுரமாக. இந்த 40-ஐ 10 சென்ட்டுக்குச் சுருக்கினால் பொட்டாஷ் உரம் இரண்டே முக்கால் கிலோ வரும். இனி எடுப்பைப் பார்ப்போம். நன்றாக வரும் மசால் வருஷத்தில் பத்து அறுப்பு, எக்டருக்கு 80 டன் பசுந்தீவனம் தரும். 10 சென்ட்டில் 3,200 கிலோ. காய்ந்தால் ஐந்தில் ஒரு பங்கு, 640 கிலோ. அதில் பொட்டாசியம் 2 சதவீதம் என்று குறைத்தே வைத்தாலும் கிட்டத்தட்ட 13 கிலோ. உர மூட்டையாக மாற்றினால் 25 கிலோவுக்கு மேல், அதாவது அரை மூட்டை. இதே அம்மா தென்னைக்கு மரத்துக்கு இரண்டு கிலோ பொட்டாஷ் தவறாமல் வைக்கிறார். பன்னிரண்டு மரத்துப் பங்கை இந்தச் சின்ன மசால் துண்டு சத்தமில்லாமல் தின்றிருக்கிறது.

மண் பரிசோதனை அட்டையும் கொஞ்சம் ஏமாற்றும். எக்டருக்கு 280 கிலோவுக்கு மேல் பொட்டாசியம் இருந்தால் 'அதிகம்' என்று போட்டுவிடுவார்கள். மேலே சொன்ன கணக்கில் மசால் ஒரே வருஷத்தில் எடுப்பது 320 கிலோ! களிமண் அடுக்குகளுக்குள் பூட்டிக்கிடப்பது மெல்ல அவிழ்ந்து வருவதால்தான் முதல் வருஷம் ஒன்றும் தெரிவதில்லை. மணல் கலந்த செம்மண்ணில் அந்த இருப்பும் சொற்பம்.

சாம்பல்சத்து என்ற பெயர் எனக்குப் பிடிக்கும். பொட்டாஷ் என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் பானைச் சாம்பல் என்றுதான் பொருள். மரச் சாம்பலைக் கரைத்து, பானையில் காய்ச்சி எடுத்த உப்பு அது. அதிலிருந்துதான் 1807-இல் ஹம்ப்ரி டேவி மின்சாரம் பாய்ச்சிப் பொட்டாசியத்தைப் பிரித்தார். இன்று அடுப்புச் சாம்பலும் இல்லை. பொட்டாஷ் கனடாவிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் கப்பலில் வருகிறது.

அதற்காக அரை மூட்டையையும் ஒரே நாளில் கொட்டிவிடக் கூடாது. மசாலுக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. கிடைத்ததையெல்லாம் இழுத்து இலையில் ஏற்றிக்கொள்ளும். விளைச்சல் கூடாது, மாட்டுக்குத்தான் தொல்லை. சினைமாட்டின் கடைசி வாரங்களில் தீவனத்தில் பொட்டாசியம் மிகுந்தால் ஈன்றதும் பால் காய்ச்சல் வரும் ஆபத்து கூடும். 1997-இல் அமெரிக்காவில் கோஃப், ஹார்ஸ்ட் இருவரும் ஜெர்சி மாடுகளில் இதைக் காட்டினார்கள்; அதுவரை பழி பெரும்பாலும் சுண்ணாம்புச்சத்தின் மேல்தான் இருந்தது. ஆகவே இரண்டு அறுப்புக்கு ஒருமுறை, கொஞ்சம் கொஞ்சமாக, அறுத்த கையோடு தூவித் தண்ணீர் விட்டால் போதும். ஈனப்போகும் மாட்டுக்கு மசாலைக் குறைத்துச் சோளத்தட்டைக் கூட்டுவது நல்லது.

"எங்க குப்பையெல்லாம் தென்னைக்குப் போயிருதுங்களே" என்றார். போகட்டும் என்றேன். மாடு தின்ற சாம்பல்சத்தில் பெரும்பங்கு சாணத்தில் இருப்பதில்லை, மூத்திரத்தில்தான் இருக்கிறது. கட்டுத்தறியைச் சுற்றிப் பின்பக்கம் போனோம். தளத்திலிருந்து இறங்கும் ஓடை சுவரோரம் வழிந்து ஒரு பள்ளத்தில் தேங்கியிருந்தது. பள்ளத்தங்கரையில் நான்கைந்து வாழை. இலை ஒவ்வொன்றும் ஆள் படுக்கலாம்போல அகலம். ஒன்றில் தார் தரை தொடத் தொங்கியது.

"இதுக்கு என்ன உரம் வைக்கிறீங்க?"

"அதுக்கெங்கீங்க உரம்? அது பாட்டுக்கு நிக்குதுங்க" என்றவர், பாதியில் நிறுத்தி ஓடையைப் பார்த்தார். பிறகு மசால் பாத்தியைப் பார்த்தார். நடுவில் முப்பது அடி இருக்கும்.

"தண்ணியோட கலந்து உடலாங்களா?"

"கலந்துதான் விடணும். அப்படியே விட்டா வெயில்ல கருகிரும்."

மம்பட்டி எடுக்க உள்ளே போனார்.